சுங்கை பத்து இரும்பு உலைகள் கற்பிக்கும் பாடம்



ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலவையினர் கேட்டபோது, வழக்கம்போல் ஒரு திருத்தலத்தின் வரலாற்றையோ நாயன்மார் ஒருவரின் வாழ்க்கையையோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் நம் ஆலயத் திருப்பணி விரைவில் தொடங்கவிருக்கிறது. பழைய மடைப்பள்ளியும் அதை ஒட்டிய சாமான் அறையும் இடிபடப் போகின்றன. இந்த வேளையில் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று என் மனத்தில் நெடுநாளாகக் கிடக்கிறது. அதைச் சொல்வதற்கு உங்களைக் கெடா மாநிலம் வரை அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவன் நான். ஆகவே எழுத்திலும் பாடம் நடத்தும் பழக்கம் வந்துவிடும். பொறுத்தருள வேண்டுகிறேன்.

செங்கல் சூளைகளின் ஊர்

பிரிக்பீல்ட்ஸ் என்று நாள்தோறும் சொல்கிறோம். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பலருக்குத் தெரியாது. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் தீயாலும் வெள்ளத்தாலும் அடுத்தடுத்துப் பாதிக்கப்பட்டது. அப்போதைய வீடுகள் பெரும்பாலும் மரமும் அத்தாப்புக் கூரையும் கொண்டவை. அதன் பின்னர், ரெசிடெண்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். நல்ல களிமண் கிடைத்த இவ்வட்டாரத்தில் சூளைகள் எழுந்தன. சீனர் தலைவராக இருந்த காப்பித்தான் யாப் குவான் செங்கும் இங்கே பெரிய சூளை நடத்தினார். 1886இல் கிள்ளான் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. ரயில்வே பட்டறைகளும் குடியிருப்புகளும் வந்தன. அவற்றோடு தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நம் முன்னோர் வந்தனர். அவர்களோடு கோயில்களும் வந்தன.

இன்று அந்தச் சூளைகள் எங்கே? ரயில் பெட்டிகளைக் கோத்துப் பிரித்த பழைய ரயில்வே நிலத்தின் மேல் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. சூளைகளோ அதற்கும் முன்பே மறைந்துவிட்டன. மாணவர்களை அழைத்துச் சென்று, "இதோ, இங்கேதான் சூளை எரிந்தது" என்று காட்டுவதற்கு ஒரு செங்கல் கூட எனக்கு அகப்பட்டதில்லை. நூற்றைம்பது ஆண்டுக்கு உட்பட்ட தொழிற்களமே இப்படி மறைந்துபோகும் என்றால், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய தொழிற்களம் ஒன்று நம் நாட்டில் எஞ்சியிருப்பது வியப்பல்லவா?

செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு தொழிற்களம்

அந்த இடத்தின் பெயர் சுங்கை பத்து. கெடாவில் சுங்கை பட்டாணியிலிருந்து மெர்போக் செல்லும் வழியில், பூஜாங் பள்ளத்தாக்கில் உள்ளது. நம் ஆலய இளைஞர் பகுதியினரை ஒரு பேருந்தில் அழைத்துக்கொண்டு அங்கே சென்றோம். வடக்கே குனோங் ஜெராய் மலை ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அம்மலையே அடையாளம்.

பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில் அடித்தளங்கள் இருப்பது முன்பே அறியப்பட்ட செய்தி. 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி எழுதி வைத்தார். 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் தம் மனைவி டோரதியுடன் வந்து முப்பது இடங்களை ஆராய்ந்தார். மெர்போக்கிலுள்ள அருங்காட்சியகத்தின் அருகில் நாம் பார்க்கும் புக்கிட் பத்து பகாட் கோயில், 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் மீண்டும் எடுத்துக் கட்டப்பட்டது. ஆனால் இவையெல்லாம் வழிபாட்டிடங்கள். மக்கள் எங்கே உழைத்தார்கள், எதைச் செய்து விற்றார்கள் என்ற கேள்விக்கு விடை போதாமல் இருந்தது.

அந்த விடை செம்பனைத் தோட்டத்து மண்மேடுகளுக்குள் இருந்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லியலாளர்கள், பேராசிரியர் மொக்தார் சைடின் தலைமையில் அங்கே தொண்ணூறுக்கும் மேற்பட்ட மேடுகளைக் கண்டறிந்து, 2009 முதல் அவற்றில் பலவற்றை அகழ்ந்தனர். இரும்பு உருக்கிய களங்கள், செங்கல்லால் ஆன படகுத்துறைகள், ஓடு வேய்ந்த கட்டடங்களின் அடித்தளங்கள், வட்ட வடிவில் அமைந்த செங்கல் வழிபாட்டு மேடை ஒன்று ஆகியவை வெளிப்பட்டன. இன்று படகுத்துறைகள் நிற்கும் இடத்தில் கப்பல் வரும் அளவுக்கு நீர் இல்லை. அக்காலத்தில் கடல் இன்றைக்கு இருப்பதைவிட உள்ளே வந்திருந்தது. ஆற்று வண்டல் மெல்ல மெல்லத் துறையை மூடிவிட்டது.

உலைக்களம் இயங்கிய விதம்

எங்களைச் சுற்றிக் காட்டியவர் கருமையான கட்டி ஒன்றைக் காட்டினார். பார்வைக்குத் தார்ச்சாலையில் பெயர்ந்த கல்லைப் போல இருந்தது. அதுதான் இரும்புக் கிட்டம்.

இரும்பு தூய நிலையில் உருகுவதற்கு 1,538 பாகை வெப்பம் வேண்டும். பழங்கால உலைகளுக்கு அவ்வளவு வெப்பம் எட்டுவது அரிது. ஆனால் 1,200 பாகையை ஒட்டிய வெப்பமே போதும் என்று பழைய கொல்லர்கள் கண்டுகொண்டனர். களிமண் உலையில் மரக்கரியையும் இரும்புத் தாதுவையும் மாறி மாறி இடுவார்கள். துருத்தியால் காற்றை ஊதுவார்கள். கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடு வாயு, தாதுவிலுள்ள உயிர்வளியைப் பிரித்துக்கொள்ளும். தாதுவில் கலந்த மண்ணும் மணலும் குழம்பாகி வழியும். அது ஆறினால் கிட்டம். உலைக்குள் எஞ்சுவது பஞ்சு போன்ற இரும்புக் கட்டி. அதை மீண்டும் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, கசடை வெளியேற்றிய பின்புதான் அரிவாளும் கோடரியும் ஆகும்.

துருத்தியின் காற்றை உலைக்குள் செலுத்துவது களிமண் குழாய். சுங்கை பத்துவில் இத்தகைய குழாய்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. நெருப்பைத் தொட்ட முனை உருகிக் கண்ணாடி போல் பளபளக்கும். கொல்லன் பிடித்த மறுமுனை வெறும் சுட்ட மண்ணாகவே இருக்கும். ஒரு வீட்டுக்கு வேண்டிய கத்தியைச் செய்ய இத்தனை குழாய் தேவையில்லை. கப்பலில் ஏற்றி விற்கும் அளவுக்கு இங்கே தொழில் நடந்திருக்கிறது என்பதற்கு அந்தக் குப்பைக் குவியலே சாட்சி. பொன்னும் சிலையும் கிடைத்தால்தான் புதையல் என்று எண்ணுகிறோம். தொல்லியலாளருக்கோ உடைந்த குழாயும் கிட்டமுமே புதையல். உழைத்தவன் தன் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கவில்லை. அவன் விட்டுச் சென்றது இந்தக் கழிவு மட்டுமே.

காலத்தை எப்படி அறிகிறார்கள்?

இந்த இடம் எவ்வளவு பழமையானது? பல்கலைக்கழக ஆய்வுக் குழுவினர் இரும்புத் தொழிலின் தொடக்கத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை கொண்டு செல்கின்றனர், கி.மு. 535 என்ற ஆண்டு பத்திரிகைகளில் பலமுறை வந்துள்ளது. வட்ட வழிபாட்டு மேடைக்குக் கி.பி. 110 என்று காலம் குறித்துள்ளனர். அதே வேளையில், இவ்வளவு முந்திய காலத்தை ஏற்கத் தயங்கும் அறிஞர்களும் உள்ளனர். இந்தக் கருத்து வேறுபாடு எதனால் வருகிறது?

உயிருள்ள மரத்தில் கரிமம் 14 என்ற அணு வகை சிறிதளவு இருக்கும். மரம் இறந்த பின் அது குறைந்துகொண்டே வரும். 5,730 ஆண்டுகளில் பாதியாகும். உலையில் கிடைத்த மரக்கரியில் அது எவ்வளவு எஞ்சியுள்ளது என்று அளந்தால் காலம் தெரியும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. இருநூறு ஆண்டு வாழ்ந்த மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதி, மரம் வெட்டப்படுவதற்கு வெகுகாலம் முன்பே வளர்ச்சியை முடித்துவிட்டது. அந்தக் கட்டையை எரித்திருந்தால், உலை எரிந்த காலத்தைவிடப் பழைய காலமே கணக்கில் வரும். மேலும், அந்தக் கரித்துண்டு உலையிலேயே எரிந்ததா, அதற்கு முன் எரிந்த காட்டுத் தீயினதா என்றும் பார்க்க வேண்டும். செங்கல்லுக்கு வேறு முறை உண்டு. அதிலுள்ள மணற்பருக்கைகள் கடைசியாகச் சூளையில் சூடேறிய காலத்தை அவற்றின் ஒளிர்வைக் கொண்டு கணிக்கிறார்கள்.

எந்த முறையானாலும் ஒன்று கட்டாயம் தேவை. அந்தக் கரியும் செங்கல்லும் மண்ணின் எந்த அடுக்கில், எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் கிடந்தன என்ற குறிப்பு வேண்டும். மண்வெட்டியால் அள்ளி ஓரமாகக் குவித்துவிட்டால், பொருள் கையில் இருந்தும் பயனில்லை. இடம் மாறிய பொருள் வாய் மூடிய சாட்சி.

"கட்டியவர்கள் நாம்தானே, சார்?"

எங்களோடு வந்த மாணவன் ஒருவன் இந்தக் கேள்வியைக் கேட்டான். அவன் கண்ணில் தெரிந்த ஆவலைக் கண்டபோது "ஆமாம்" என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் ஆசிரியன் ஆசைக்காகப் பதில் சொல்லக் கூடாது.

நமக்குத் தெரிந்தவற்றை வரிசைப்படுத்திச் சொன்னேன். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த பொருள்களில் காழகத்துப் பொருளும் பேசப்படுகிறது. காழகம் என்பது கடாரம் என்று உரையாசிரியர் விளக்குகிறார். முதலாம் இராசராசன் காலத்தில், கடாரத்து அரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடையாக வழங்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. அவன் மகன் இராசேந்திரன் 1025இல் கடற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றதைத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு கூறுகிறது. ஆகவே தமிழருக்கும் இம்மண்ணுக்கும் உள்ள உறவு பழையது, அதில் ஐயமில்லை.

ஆனால் சுங்கை பத்து உலைகள் எரியத் தொடங்கியது சோழர் படையெடுப்புக்குப் பல நூற்றாண்டுகள் முன்பு. அந்த உலைகளைச் சோழர் அமைத்தனர் என்று சொன்னால் கணக்கு உதைக்கும். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் அதுவே. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அங்கே அகழ்ந்தபோது இரும்பு உலைகளும், துருத்திக் குழாய்களும், மணிக்கல் செய்த களங்களும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. அங்கும் இங்கும் குழாயும் கிட்டமும் உண்டு. ஆனால் தொழில் ஒத்திருப்பதால் தொழிலாளரும் ஓரினத்தவர் என்று முடிவு கட்ட இயலாது. கொடுமணலில் பானை ஓடுகளில் ஆட்பெயர்கள் தமிழில் உள்ளன. சுங்கை பத்து உலைக் கொல்லர்களின் மொழியைச் சொல்லும் அத்தகைய ஓடுகள் நம்மிடம் இல்லை. இம்மண்ணின் மக்கள் இங்கே உழைத்திருக்கிறார்கள். கடல் கடந்து வந்த வணிகர் அவர்களிடம் வாங்கியும் விற்றும் இருக்கிறார்கள் என்று கொள்வதே பொருத்தம். வட்ட மேடை எந்தச் சமயத்தைச் சார்ந்தது என்பதிலும் ஆய்வாளர்கள் ஒரே கருத்துடையவர் அல்லர்.

"அப்படியென்றால் நமக்குப் பெருமை இல்லையா, சார்?" என்றான் அவன். "இருக்கிறது தம்பி. இரண்டாயிரம் ஆண்டாக வந்துபோன உறவுக்காரர்கள் நாம். அந்தப் பெருமைக்குச் சான்று உண்டு. சான்று இல்லாத பெருமையைச் சேர்த்தால், சான்றுள்ள பெருமையையும் யாரும் நம்பமாட்டார்கள்" என்றேன்.

ஒரே நாளில் போனது

அதே வட்டாரத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். குவாரிட்ச் வேல்ஸ் தம் பட்டியலில் 11ஆம் எண் கொடுத்துக் குறித்து வைத்த பழங்கோயில் அடித்தளம் சுங்கை பத்துத் தோட்டத்தில் இருந்தது. 2013இல் வீடமைப்புக்காக நிலத்தைச் சீர்செய்தபோது அது இடிக்கப்பட்டுவிட்டது. ஆண்டு இறுதியில் செய்தி வெளிவந்ததும் நாடெங்கும் வருத்தக் குரல் எழுந்தது. நானும் நண்பர்களிடம் கோபமாகப் பேசினேன். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் வேறு மாநிலத்துச் செய்தி அன்று, என் கையெழுத்து.

என் கையெழுத்து

1990களின் பிற்பகுதியில் நான் செயலவைக்குப் புதியவன். ஆலயத்தின் பின்புறம் பழைய செங்கல் சுவர் ஒன்றும் தூர்ந்த கிணறு ஒன்றும் இருந்தன. மண்டபத்தை விரிவாக்க அவற்றை அகற்றத் தீர்மானம் போட்டோம். அத்தீர்மானத்தில் நானும் கையெழுத்திட்டேன். சுவரை உடைத்தபோது, கற்கள் சிலவற்றின் முகத்தில் எழுத்து முத்திரை இருந்ததைக் கண்டேன். படிக்கவும் இல்லை, குறிக்கவும் இல்லை.

அன்று மாலை பூசைக்கு வந்த மூதாட்டி ஒருவர் என்னிடம், "வாத்தியாரு தம்பி, அதுல ஒரு கல்லை எனக்கு எடுத்து வை. என் மாமனார் ரயில்வே வேலை முடிஞ்சு வரும்போது தலையில சுமந்துகிட்டு வந்து கொடுத்த கல்லு அது" என்றார். "நாளைக்கு எடுத்து வைக்கிறேன், பாட்டி" என்றேன். மறுநாள் காலையில் லாரி வந்து போய்விட்டது. பாட்டி வந்தார். வெறுமையாக இருந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சந்நிதிக்குள் போய்விட்டார். இன்று அவரும் இல்லை.

பின்னர் ஒரு முறை நில விவகாரத்துக்காக ஆலயத்தின் வயதைக் காட்டும் சான்று தேவைப்பட்டது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஆலயம் என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். காட்டுவதற்கு என்ன இருந்தது? மங்கிய புகைப்படம் இரண்டும், பெரியவர்களின் வாய்ச்சொல்லும்தான். முத்திரையுள்ள ஒரு செங்கல் இருந்திருந்தால், அது எந்தச் சூளையினது, எந்தக் காலத்தது என்று யாரேனும் சொல்லியிருக்கக் கூடும். அந்தச் சாட்சியை லாரியில் ஏற்றி அனுப்பியவர்களில் நானும் ஒருவன்.

விண்ணப்பம்

ஆகவே இம்முறை செயலவைக் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வைத்தேன். இடிப்பதற்கு முன் பதிவு செய்வோம் என்பதே அது. பொருளாளர், "சார், கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிச்சாச்சு. ஒரு நாள் தள்ளினாலும் குத்தகையாளர் கணக்குக் கேட்பார்" என்றார். அவர் சொன்னதும் நியாயமே. புரவலர்களின் காசுக்கு அவர் பொறுப்பாளி. நெடுநேரம் பேசிய பின், இடிப்பு தொடங்குமுன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை நமக்குத் தந்துள்ளனர். செலவு அதிகமில்லை, அளவு நாடா, நோட்டுப் புத்தகம், இளைஞர்களின் கைத்தொலைபேசி ஆகியவை போதும்.

செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, ஒவ்வொரு சுவரையும் நான்கு திசையிலிருந்தும், பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தல். இரண்டாவது, நீள அகலத்தை அளந்து வரைபடம் வரைதல். மூன்றாவது, முத்திரையோ எழுத்தோ உள்ள செங்கல், ஓடு, பலகை எதுவாயினும், எடுத்த இடத்தைக் குறித்து எண்ணிட்டுப் பாதுகாத்தல். நான்காவது, பெரியவர்களின் நினைவுகளை அவர்கள் பேசும்போதே ஒலிப்பதிவு செய்தல். தோண்டும்போது பழம்பொருள் ஏதேனும் வெளிப்பட்டால், வேலையை நிறுத்தி அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் நம்மிடம் எதிர்பார்ப்பதும் அதுவே.

மெய்யன்பர்களே, உங்கள் வீட்டு அலமாரியில் பழைய நன்கொடை ரசீது, திருவிழா அழைப்பிதழ், ஆலயத்தின் முன் எடுத்த திருமணப் படம் எதுவும் இருந்தால் அருள்கூர்ந்து கொண்டு வாருங்கள். அலுவலகத்திலேயே படி எடுத்துக்கொண்டு அசலை உங்களிடமே திருப்பித் தருவோம். அது கிழிந்த தாளாக இருந்தாலும் தயங்க வேண்டாம். சுங்கை பத்துவில் ஒரு பெரிய தொழிலின் கதையைச் சொன்னவை உடைந்த குழாய்களே.

கருவறையில் யந்திரம் வைத்து மருந்து சாத்தும்போது, இது பல தலைமுறை நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். அந்தத் தலைமுறைகளுக்கு நம்மைப் பற்றித் தெரிவிக்க ஏதேனும் வைத்துவிட்டுப் போவதும் திருப்பணியில் ஒரு பகுதியே. பாட்டிக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் இன்றும் நம் ஆலயத்துக்கு வருகிறார்கள். இம்முறை முத்திரையுள்ள ஒரு கல்லேனும் கிடைத்தால், அதைக் கண்ணாடிப் பேழையில் வைத்து, சுமந்து வந்து கொடுத்தவர்களின் நினைவாக என்று எழுதி மண்டபத்தில் வைப்போம்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் திருப்பணி இனிதே நிறைவேறுக.